வகையும் சோதனையும்: ஒரு வலை சர்வரின் முதல் நாள்

வலை சர்வர் என்பது கேள்விக்காகக் காத்திருக்கும் ஒரு நிரல். உலாவியிலோ கைப்பேசிச் செயலியிலோ ஒருவர் பொத்தானைத் தட்டியதும் ஒரு கோரிக்கை கிளம்பி சர்வரை அடைகிறது. சர்வர் அதைப் படித்து, வேண்டிய தரவை எடுத்து, பதிலைத் திருப்பி அனுப்புகிறது. ரயில் முன்பதிவு, மின்கட்டணம், தேர்வு முடிவு என எதுவாக இருந்தாலும் அடியில் நடப்பது இந்தக் கேள்வி பதில்தான்.

இப்படி ஒரு சர்வரை எழுத உட்காருபவர், தன் வேலைக்கான முதல் வரியை எழுதும் முன்பே பல முடிவுகளை எடுக்க வேண்டியிருக்கிறது. எந்த மொழி, எந்தப் பதிப்பு, கோப்புகளை எப்படி அடுக்குவது, பிழையை எங்கே பிடிப்பது, கடவுச்சொல்லை எங்கே வைப்பது, சோதனையை எதைக் கொண்டு ஓட்டுவது என்று பட்டியல் நீளும். இந்த முடிவுகளை முன்கூட்டியே எடுத்து, தட்டினால் ஓடும் நிலையில் அடுக்கித் தரும் கோப்புத் தொகுப்பைத் தொடக்க வார்ப்புரு என்பார்கள். நிரலாளர் பேச்சில் அது ஸ்டார்ட்டர் டெம்ப்ளேட்.

நல்ல வார்ப்புருவில் இரண்டு காவல்கள் முதல் நாளிலிருந்தே இருக்கும். ஒன்று தரவு வகைச் சரிபார்ப்பு. மற்றொன்று தானியங்கிச் சோதனை. இரண்டும் ஒரே வேலையைச் செய்வதுபோலத் தோன்றினாலும் ஒன்று காக்கும் வாசலை மற்றொன்று காக்காது. ஊர் நூலகம் ஒன்றின் இரவல் சர்வரை எடுத்துக்காட்டாகக் கொண்டு, நோட் ஜேஎஸ், டைப்ஸ்கிரிப்ட், எக்ஸ்பிரஸ், வைடெஸ்ட் ஆகிய நான்கு கருவிகளால் ஆன வார்ப்புருவிலிருந்து ஒரு திட்டம் எழும் வரிசையை இங்கே காணலாம்.

ஒரு சிறு மொழி சர்வர் வரை வந்த கதை

ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் முதல் வடிவத்தை 1995 மே மாதத்தில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாட்களில் எழுதினார். வலைப்பக்கத்துக்குள் சிறு வேலைகளைச் செய்வதற்காகப் பிறந்த மொழி அது. படிவத்தில் பெயர் விடுபட்டிருந்தால் எச்சரிப்பது, சுட்டியை வைத்தால் படம் மாறுவது போன்றவை அதன் தொடக்க கால வேலைகள். எந்த வகை மதிப்பைக் கொடுத்தாலும் முறுக்கிக்கொள்ளாமல் எப்படியாவது சமாளிப்பது அதன் இயல்பாக அமைந்தது.

2009இல் ரயன் டால் உருவாக்கிய நோட் ஜேஎஸ், குரோம் உலாவியின் வி8 இயந்திரத்தை வெளியே எடுத்து, ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களைச் சர்வர்க் கணினியிலேயே ஓடச் செய்தது. அடுத்த ஆண்டே, பிறர் எழுதிய நிரல் பொதிகளைத் தரவிறக்கித் தரும் என்பிஎம் வந்தது. கோரிக்கைகளை அவற்றின் முகவரி பார்த்து உரிய செயற்கூற்றுக்கு அனுப்பும் எக்ஸ்பிரஸ் சட்டகமும் அந்த ஆண்டில்தான் வெளியானது. பக்கத்துக்குள் சிறு வேலை பார்த்த மொழி, சில ஆண்டுகளில் வணிகத் தளங்களின் முழுச் சுமையையும் தாங்கத் தொடங்கியது. எதையும் சமாளிக்கும் அதன் இயல்பு அங்கேதான் ஆபத்தானது.

14உம் 7உம் சேர்ந்தால் 147

நூலகத்தில் ஒருவர் 14 நாள் இரவலில் நூல் எடுத்திருக்கிறார். மேலும் 7 நாள் வேண்டுமென்று படிவத்தில் கேட்கிறார். சர்வரில் இருக்கும் 14 ஓர் எண். படிவத்தில் தட்டிய 7, வலை வழியே வரும்போது எழுத்தாகவே வருகிறது. ஜாவாஸ்கிரிப்டில் எண்ணையும் எழுத்தையும் கூட்டல் குறியால் இணைத்தால் எண் எழுத்தாக மாறி, இரண்டும் ஒட்டிக்கொள்ளும். விடை 21 ஆக வர வேண்டிய இடத்தில் 147 வந்து நிற்கும். எந்த எச்சரிக்கையும் எழாது. நூலை ஏறத்தாழ ஐந்து மாதம் வைத்துக்கொள்ளலாம் என்று சர்வர் பதிவு செய்துவிட்டு அடுத்த கோரிக்கைக்குப் போய்விடும்.

இந்தப் பிழை எளிதில் கண்ணில் படாததற்கும் காரணம் உண்டு. கழித்தல் குறி வந்தால் அதே மொழி எழுத்தை எண்ணாக மாற்றிச் சரியாகக் கழித்துவிடும். ஆகவே மீதி நாளைக் கணக்கிடும் பகுதி ஒழுங்காக ஓட, நாளை நீட்டிக்கும் பகுதி மட்டும் தப்பாக ஓடும். ஒரு பக்கம் சரியாக இருப்பதைப் பார்த்த நிரலாளர் மறுபக்கத்தைச் சந்தேகிக்க மாட்டார்.

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2012 அக்டோபரில் வெளியிட்ட டைப்ஸ்கிரிப்ட் இந்த இடத்தில் உதவுகிறது. அதை முன்னின்று வடிவமைத்தவர் ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க். டர்போ பாஸ்கல், டெல்ஃபி, சி ஷார்ப் ஆகியவற்றிலும் அவர் கைவண்ணம் உண்டு. டைப்ஸ்கிரிப்ட், ஜாவாஸ்கிரிப்டின் மேல் வகைக் குறிப்புகளைச் சேர்க்கிறது. நாளை நீட்டிக்கும் செயற்கூறு ஓர் எண்ணைத்தான் வாங்கும் என்று ஒரு சொல்லில் குறித்துவிட்டால், எங்காவது எழுத்து வகை மதிப்பு அதற்குள் நுழையும்போது நிரல் ஓடுவதற்கு முன்பே அந்த வரியின் அடியில் சிவப்புக் கோடு விழும். எந்தக் கோப்பில், எந்த வரியில், எது எதிர்பார்க்கப்பட்டது, எது வந்தது என்பதும் தெரிந்துவிடும்.

இதன் பயன் எவ்வளவு என்பதை லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியும் மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவும் சேர்ந்த ஆய்வு ஒன்று 2017இல் அளந்தது. பொதுவெளியில் இருந்த ஜாவாஸ்கிரிப்ட் திட்டங்களில் ஏற்கெனவே கண்டறிந்து திருத்தப்பட்ட பிழைகளை எடுத்து, வகைக் குறிப்புகள் இருந்திருந்தால் எத்தனை முன்பே பிடிபட்டிருக்கும் என்று பார்த்தார்கள். விடை 15 விழுக்காடு. சில குறிப்புகளை எழுதும் உழைப்புக்கு இது பெரிய பலன். மீதி 85 விழுக்காட்டுக்கு வேறு காவல் வேண்டும் என்பதையும் அதே எண் சொல்கிறது.

வகைக் குறிப்பு மறையும் இடம்

டைப்ஸ்கிரிப்டில் எழுதியது அப்படியே ஓடுவதில்லை. வகைகளைச் சரிபார்த்த பின் குறிப்புகள் அனைத்தும் அழிக்கப்பட்டு, வெறும் ஜாவாஸ்கிரிப்ட் மட்டும் மிஞ்சுகிறது. வீடு கட்டி முடிந்ததும் சாரத்தைப் பிரிப்பதுபோல. ஓடும் நேரத்தில் வெளியிலிருந்து வரும் தரவு எந்த வகை என்று கேட்க அங்கே யாரும் இருப்பதில்லை.

எக்ஸ்பிரஸ் சட்டகத்தில் இந்த ஓட்டை இன்னும் பெரிது. கோரிக்கையின் உடலில் வரும் தரவுக்கு அதன் வகைக் குறிப்புகள் கொடுத்திருக்கும் வகை எனி. எதுவாகவும் இருக்கலாம் என்று பொருள். எனி என்று குறிக்கப்பட்ட மதிப்பை டைப்ஸ்கிரிப்ட் எந்தக் கேள்வியும் கேட்காமல் உள்ளே விடும். எழுத்து வடிவிலுள்ள 7, எண் கேட்கும் செயற்கூற்றுக்குள் சிவப்புக் கோடு இல்லாமலே போய்ச் சேரும். ஆகவே நல்ல வார்ப்புருவில் சர்வரின் வாசலிலேயே ஒரு சரிபார்ப்பு நிற்கும். சாட் போன்ற பொதிகள் இதற்கென்றே உள்ளன. வரும் தரவின் வடிவத்தை ஒருமுறை எழுதிவைத்தால், ஓடும் நேரத்தில் ஒவ்வொரு கோரிக்கையையும் அதோடு ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தாததைத் திருப்பி அனுப்பும். அதே எழுத்திலிருந்து வகைக் குறிப்பையும் உருவாக்கித் தரும்.

எழுத்தை எண்ணாக மாற்றுவதிலும் கவனம் வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் வெற்று எழுத்துத்தொடரை எண்ணாக மாற்றினால் பூச்சியம் வரும். "7 நாள்" என்பதை மாற்றினால் நான் (NaN) என்னும், எண் அல்லாத ஒன்று வரும். வியப்பு என்னவென்றால் அந்த எண் அல்லாத மதிப்பின் வகையும் எண்தான். வகைச் சரிபார்ப்பின் கண்ணுக்கு அது குற்றமற்றது. வகை பிடிக்க முடியாத இடம் இது. சோதனைதான் பிடிக்க வேண்டும்.

வார்ப்புருவைத் தேர்ந்தெடுத்தல்

வலையில் வார்ப்புருக்களுக்குப் பஞ்சமில்லை. அதிக வசதி உள்ளதை எடுப்பது புதியவர்களின் இயல்பு. ஆனால் தரவுத்தளம், உள்நுழைவு, மின்னஞ்சல், வரிசை மேலாண்மை எல்லாம் சேர்ந்த வார்ப்புருவை எடுத்தால், தனக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான வரிகளுக்கும் அவரே பொறுப்பாளி ஆகிறார். ஒரு பிற்பகலில் எல்லாக் கோப்பையும் திறந்து படித்து முடிக்கக்கூடிய அளவே தொடக்கத்துக்குச் சரி.

எடுக்கும் முன் சிலவற்றைப் பார்ப்பது நல்லது. உரிமம் பற்றிய கோப்பு இருக்கிறதா, கடைசியாக எப்போது திருத்தப்பட்டது, அது கேட்கும் நோட் ஜேஎஸ் பதிப்பு இன்னும் ஆதரவில் உள்ளதா, டைப்ஸ்கிரிப்டின் ஸ்ட்ரிக்ட் அமைப்பு இயக்கப்பட்டிருக்கிறதா, ஒரு சோதனையாவது உண்மையில் ஒரு கோரிக்கையை அனுப்பிப் பார்க்கிறதா ஆகியவை அவை. நோட் ஜேஎஸ் பதிப்புகளில் நீண்டகால ஆதரவு பெற்றவை 18, 20, 22 என இரட்டைப்படையில் வந்தவை. எக்ஸ்பிரஸ் 4 என்றால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அந்தப் பதிப்பில் ஒத்திசைவற்ற செயற்கூற்றுக்குள் எழும் பிழை, பிழை கையாளும் பகுதிக்குத் தானாகப் போய்ச் சேராது. 2024இல் வந்த எக்ஸ்பிரஸ் 5 அதைத் தானே கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

கிட்ஹப் தளம் 2019இலிருந்து வார்ப்புருக் களஞ்சியம் என்னும் வசதியைத் தருகிறது. அதன் வழியே எடுத்தால் கோப்புகள் மட்டும் புதிய களஞ்சியத்துக்கு வரும். மூலத்தின் பழைய திருத்த வரலாறு உடன் வராது. கிளையெடுத்தால் வரலாறும் தொடர்பும் சேர்ந்தே வரும். புதிய திட்டம் தொடங்குபவருக்கு முதல் வழியே பொருந்தும்.

நிறுவும் வரிசை

கோப்புகள் கணினிக்கு வந்ததும் முதலில் திறக்க வேண்டியது பேக்கேஜ் ஜேசான் என்னும் கோப்பு. திட்டத்தின் பெயர், அது நம்பியிருக்கும் பொதிகள், ஓட்டக்கூடிய கட்டளைகள் எல்லாம் அதில்தான் உள்ளன. பொதிகள் இரண்டு பட்டியல்களாகப் பிரிந்திருக்கும். சர்வர் ஓடும்போது தேவைப்படுபவை ஒன்றில். எழுதும்போதும் சோதிக்கும்போதும் மட்டும் தேவைப்படுபவை மற்றொன்றில். எக்ஸ்பிரஸ் முதல் பட்டியலுக்குரியது. டைப்ஸ்கிரிப்ட், சோதனைகளை ஓட்டும் வைடெஸ்ட், வகைக் குறிப்புப் பொதிகள் இரண்டாவதற்குரியவை.

அடுத்து இருப்பது, ஒவ்வொரு பொதியின் பதிப்பையும் குறித்துவைக்கும் பூட்டுக் கோப்பு. 2016 மார்ச்சில் லெஃப்ட்பேட் என்ற பொதியை அதன் ஆசிரியர் என்பிஎம் களஞ்சியத்திலிருந்து நீக்கினார். ஒரு சொல்லின் இடப்பக்கம் இடைவெளி சேர்க்கும் 11 வரி நிரல் அது. அதை நேரடியாகவும் சுற்றிவளைத்தும் நம்பியிருந்த எத்தனையோ திட்டங்கள் உலகெங்கும் கட்ட முடியாமல் நின்றுபோயின. பிறர் நிரலை நம்பும் திட்டம், எந்தப் பொதியை எந்தப் பதிப்பில் நம்புகிறோம் என்று எழுதிவைக்க வேண்டும் என்பதை அந்த நாள் அழுத்தமாகச் சொன்னது. 2017இல் வந்த என்பிஎம் 5 முதல் பூட்டுக் கோப்பு தானாகவே உருவாகிறது. பொதி களஞ்சியத்தில் நிலைத்திருப்பதற்கு அது உறுதி தராது. எல்லாக் கணினியிலும் ஒரே பதிப்பு இருப்பதற்கு உறுதி தரும்.

பொதிகளை நிறுவ இரண்டு கட்டளைகள் உண்டு. என்பிஎம் இன்ஸ்டால், பூட்டுக் கோப்பைத் தேவைக்கேற்ப மாற்றியும் எழுதும். என்பிஎம் சிஐ, பூட்டுக் கோப்பில் உள்ளதை உள்ளபடியே நிறுவும். பூட்டுக் கோப்பும் பேக்கேஜ் ஜேசானும் ஒத்துப்போகாவிட்டால் நின்றுவிடும். வார்ப்புருவை முதன்முறை ஓட்டுபவர் இரண்டாவதைப் பயன்படுத்தினால், அதை உருவாக்கியவர் கணினியில் ஓடிய அதே பதிப்புகள் தன் கணினியிலும் ஓடும். நிறுவியதும் எதையும் மாற்றுவதற்கு முன் சோதனைகளை ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். அப்போதே தோல்வி வந்தால் கோளாறு வார்ப்புருவிலோ கணினியிலோ இருக்கிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் தன் வரிகளைச் சேர்த்தவர், பிறகு வரும் ஒவ்வொரு பிழைக்கும் இரண்டு இடங்களில் தேட நேரும்.

டைப்ஸ்கிரிப்டின் அமைப்புக் கோப்பில் மிக முக்கியமான வரி ஸ்ட்ரிக்ட். மதிப்பு இல்லாமல் போகக்கூடிய இடங்களையும் வகை குறிக்காமல் விட்ட இடங்களையும் அதுதான் கண்டிப்பாகக் கேட்கிறது. நூல் எண் கொடுத்துத் தேடினால் நூல் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ஸ்ட்ரிக்ட் இருந்தால், கிடைக்காத நிலைக்கு என்ன செய்வது என்று எழுதாமல் அடுத்த வரிக்குப் போக முடியாது. பத்துக் கோப்பு இருக்கும்போது இதை இயக்குவது ஒரு நிமிட வேலை. ஐந்நூறு கோப்பு வளர்ந்த பின் இயக்கினால் திரை முழுதும் பிழைகளாக நிறையும். முதல் நாளிலேயே இயக்கச் சொல்வது அதனால்தான்.

பலர் அறியாத ஒன்றும் இங்கே உண்டு. டைப்ஸ்கிரிப்ட் தொகுப்பி, வகைப் பிழை இருந்தாலும் இயல்பு நிலையில் ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளை எழுதித் தந்துவிடும். பிழை இருந்தால் எழுதாதே என்று தனியே குறிக்க வேண்டும். வைடெஸ்டோ, ஓட்டும் வேகத்துக்காக வகைக் குறிப்புகளைச் சரிபார்க்காமலேயே அழித்துவிட்டுச் சோதனையை நடத்தும். சோதனை பச்சை காட்டியதாலேயே வகைகள் சரி என்று ஆகாது. வகைச் சரிபார்ப்புக்குத் தனிக் கட்டளை ஒன்று வார்ப்புருவில் இருந்தே ஆக வேண்டும்.

கடையும் கதவும் தனித்தனி

கோப்புகளின் அடுக்கில் ஒரு பிரிவு மற்ற எல்லாவற்றையும் விட முக்கியமானது. எந்த முகவரிக்கு என்ன பதில் என்று சொல்லும் பகுதி ஒரு கோப்பில் இருக்க வேண்டும். அதைத் தரவாயிலில் (போர்ட்டில்) பொருத்திக் காத்திருக்கச் செய்யும் பகுதி வேறு கோப்பில் இருக்க வேண்டும். முதலாவதை ஆப் என்றும் இரண்டாவதைச் சர்வர் என்றும் பெயரிடுவது வழக்கம். கடையும் கடைக்கதவும்போல.

இரண்டும் ஒரே கோப்பில் இருந்தால், சோதனைக்காக அந்தக் கோப்பை அழைத்த நொடியிலேயே சர்வர் தரவாயில் 3000ஐப் பிடித்துக்கொள்ளும். இரண்டாவது சோதனைக் கோப்பும் அதையே பிடிக்க முயன்று, இடம் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது என்ற பிழையோடு விழும். பிரித்து வைத்தால் சூப்பர்டெஸ்ட் போன்ற கருவி ஆப்பை மட்டும் வாங்கி, அந்நேரத்தில் காலியாக உள்ள ஏதோ ஒரு தரவாயிலில் தற்காலிகமாகத் திறந்து, கோரிக்கை அனுப்பி, பதிலை வாங்கித் தரும்.

அடுத்த அடுக்கில், கணக்குப் போடும் பகுதி கோரிக்கையைப் பற்றி ஏதும் அறியாததாக இருப்பது நல்லது. திருப்பித் தர வேண்டிய நாளைக் கணிக்கும் செயற்கூற்றுக்கு, எடுத்த தேதியும் நாட்களின் எண்ணிக்கையும் தெரிந்தால் போதும். அது எக்ஸ்பிரஸைத் தொட வேண்டியதில்லை. நாளை வேறு சட்டகத்துக்கு மாறினாலும் கணக்கு அப்படியே இருக்கும்.

கடவுச்சொல், தரவுத்தள முகவரி போன்றவை நிரலுக்குள் இருக்கக் கூடாது. அவற்றைச் சூழல் மாறிகளில் வைத்து, ஒரே ஒரு கோப்பின் வழியாகப் படித்து, தொடங்கும்போதே சரிபார்ப்பது முறை. தரவுத்தள முகவரி விடுபட்டிருந்தால் சர்வர் தொடங்கும் நொடியிலேயே நின்று காரணத்தைச் சொல்ல வேண்டும். நள்ளிரவில் முதல் வாசகர் வரும்வரை அந்தக் குறை மறைந்திருக்கக் கூடாது. இரகசியங்கள் உள்ள கோப்பு களஞ்சியத்தில் சேராதபடி விலக்குப் பட்டியலில் இருக்கிறதா என்பதை முதல் பதிவுக்கு முன்பே பார்க்க வேண்டும். ஒருமுறை பதிவேறிய கடவுச்சொல் பின்னர் அழித்தாலும் வரலாற்றில் தங்கிவிடும்.

சோதனை எழுதும் முறை

தானியங்கிச் சோதனை என்பது, நிரல் எப்படி நடக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பை இன்னொரு நிரலாக எழுதிவைப்பது. ஒவ்வொரு சோதனைக்கும் மூன்று பகுதி. சூழலை அமைப்பது, செயலை நடத்துவது, விளைவை ஒப்பிடுவது. நூலக சர்வரின் முதல் சோதனை இப்படி அமையும்: 14 நாள் இரவலில் உள்ள ஒரு நூலை அமைக்க வேண்டும், 7 நாள் நீட்டிப்புக் கோரிக்கையை அனுப்ப வேண்டும், பதிலின் நிலைக்குறி 200 என்றும் காலம் 21 என்றும் வருகிறதா என்று ஒப்பிட வேண்டும்.

அடுத்த சோதனைகள் கதவை வெவ்வேறு விதமாகத் தட்டுகின்றன. நாட்கள் என்ற இடத்தில் வெற்றிடம் வந்தால் 400. "ஏழு" என்று எழுத்தில் வந்தால் 400. கழித்தல் 7 வந்தாலும் 400. இல்லாத இரவல் எண்ணுக்கு 404. தரவுத்தளம் பதில் தராமல் போனால் 500. ஆனால் உள்விவரங்கள் எதுவும் வாசகருக்குப் போகக் கூடாது. 400 வரிசை கேட்டவர் பக்கத்துத் தவறையும், 500 வரிசை சர்வர் பக்கத்துத் தவறையும் குறிக்கும். இந்த வேறுபாடு சோதனையில் எழுதப்பட்டிருந்தால், பிறகு வரும் நிரலாளர் அதை அறியாமல் குலைக்க முடியாது.

எழுதிய சோதனை ஒருமுறையாவது தோற்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். நீட்டிப்புச் செயற்கூற்றில் கூட்டலைக் கழித்தலாக மாற்றி ஓட்டினால், எதிர்பார்த்தது 21, வந்தது 7 என்று சிவப்பில் வர வேண்டும். வராவிட்டால் அந்தச் சோதனை எதையும் காக்கவில்லை. தோற்றதைப் பார்த்த பிறகு கூட்டலை மீட்டு, பச்சை வந்ததும் பதிவு செய்யலாம்.

நேரத்தைச் சோதிப்பதற்குத் தனிக் கவனம் தேவை. இன்று என்ன தேதி என்பதைச் செயற்கூறு தானே கடிகாரத்தைப் பார்த்து எடுத்துக்கொண்டால், இன்று வெல்லும் சோதனை நாளை தோற்கலாம். நேரத்தை வெளியிலிருந்து கொடுத்தால் எந்த நாளையும் சோதிக்க முடியும். சர்வர்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன. இந்தியாவும் இலங்கையும் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கின்றன. மார்ச் 10 அதிகாலை 2 மணிக்கு ஒருவர் கைப்பேசியில் நூலைப் புதுப்பித்தால், சர்வரின் கடிகாரத்தில் அது மார்ச் 9 இரவு 8.30. திருப்பித் தரும் நாள் ஒரு நாள் முன்னே விழும். வாசகர் செய்யாத தவறுக்கு அபராதம் கட்டுவார். இதற்கு வகைச் சரிபார்ப்பால் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டு தேதிகளும் வகையால் ஒன்றே. அந்த அதிகாலை 2 மணியை ஒரு சோதனையாக எழுதிவைப்பதே வழி.

தமிழ் எழுத்துக்கு ஒரு சோதனை

ஆயத்த வார்ப்புருக்களில் உள்ள மாதிரிச் சோதனைகள் பெரும்பாலும் ஆங்கிலப் பெயர்களையே பயன்படுத்துகின்றன. தமிழ் நூல்களைக் கையாளும் சர்வருக்கு அது போதாது. தமிழ் என்ற சொல்லில் வாசகர் காண்பது மூன்று எழுத்து. ஜாவாஸ்கிரிப்டில் அதன் நீளத்தைக் கேட்டால் 5 என்று வரும். மகரத்தின் மேல் ஏறிய இகரக் குறியையும் ழகரத்தின் புள்ளியையும் அது தனித்தனியே எண்ணுகிறது. யூடிஎஃப் 8 முறையில் வலை வழியே போகும்போது அதுவே 15 பைட். நூல் தலைப்புக்கு 50 எழுத்து என்று வரம்பு வைத்தால், எந்த எண்ணிக்கையில் 50 என்பதை முடிவு செய்தே ஆக வேண்டும். வாசகர் காணும் எழுத்தையே எண்ண வேண்டுமென்றால் இன்டில் செக்மென்ட்டர் என்ற உள்ளமைந்த கருவி உண்டு. அது தமிழ் என்பதற்கு 3 என்றே விடை தரும்.

இன்னொரு சிக்கல் ஒகர உயிர்மெய்களில். பொன் என்ற சொல்லின் முதல் எழுத்தில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம். ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கோ அவை வேறு வேறு சொற்கள். ஒரு விசைப்பலகையில் சேர்த்த நூலை இன்னொரு விசைப்பலகையில் தேடினால், அலமாரியில் இருக்கும் நூல் இல்லை என்று பதில் வரும். சேமிக்கும்போதும் தேடும்போதும் யூனிகோடின் இயல்பாக்க முறையில் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்தால் சிக்கல் தீரும். இரண்டு வடிவத்திலும் தேடிப் பார்க்கும் ஒரு சோதனை, பிறகு யாரும் அந்த வரியை அறியாமல் நீக்காமல் காக்கும்.

எல்லாம் ஒரே கட்டளையில்

காவல்கள் இருந்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு முறையும் அவை ஓட வேண்டும். ஆகவே வார்ப்புருவில் செக் போன்ற ஒரே கட்டளை இருந்து, அது வகைச் சரிபார்ப்பு, நடைச் சரிபார்ப்பு, சோதனை ஆகியவற்றை வரிசையாக ஓட்ட வேண்டும். நடைச் சரிபார்ப்புக்கு ஈஎஸ்லின்ட் பரவலாகப் பயன்படுகிறது. முடிவுக்குக் காத்திருக்க மறந்த ஒத்திசைவற்ற அழைப்பு போன்ற, வகைச் சரிபார்ப்பிலும் சோதனையிலும் நழுவக்கூடிய பிழைகளை உரிய விதியை இயக்கினால் அது காட்டித்தரும். வரிகளின் இடைவெளியை ஒழுங்குபடுத்துவதைப் பிரிட்டியர் போன்ற கருவியிடம் விட்டுவிட்டால், அது பற்றிய விவாதத்துக்கே இடமில்லை.

அதே கட்டளையைத் தொடர் ஒருங்கிணைப்புச் சேவையிலும் பொருத்த வேண்டும். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் போன்ற சேவை, நிரலை ஒருவர் களஞ்சியத்துக்கு அனுப்பியதும் ஒரு புதிய கணினியில் என்பிஎம் சிஐ மூலம் எல்லாவற்றையும் நிறுவி, கட்டளையை ஓட்டி, விளைவைக் காட்டும். எழுதியவர் கணினியில் மட்டும் இருந்த ஏதோ ஒரு கோப்பின் தயவில் ஓடிக்கொண்டிருந்த நிரல் அங்கே மாட்டிக்கொள்ளும்.

வார்ப்புருவைத் தனதாக்குதல்

கடைசி வேலை கழித்தல். மாதிரி வழிகள், மாதிரிச் சோதனைகள், வார்ப்புருவின் பெயர், வேண்டாத பொதிகள் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். பயன்படாத பொதி ஒவ்வொன்றும் பாதுகாப்புத் திருத்தம் வரும்போதெல்லாம் வேலை வைக்கும். அறிமுகக் கோப்பில் இந்தச் சர்வர் என்ன செய்கிறது, எப்படி நிறுவுவது, எப்படிச் சோதிப்பது, எந்தச் சூழல் மாறிகள் தேவை என்பதை நான்கு பத்திகளில் எழுத வேண்டும். புதிதாகச் சேரும் ஒருவர் அதை மட்டும் படித்துச் சர்வரை ஓட்ட முடிந்தால் அது போதுமானது.

வார்ப்புருவிலிருந்து பிரிந்த திட்டத்துக்கு மூலத்தில் பின்னால் வரும் திருத்தங்கள் தானாக வந்து சேராது. பொதிகளின் பதிப்புகளை உயர்த்துவதும் நோட் ஜேஎஸின் ஆதரவு முடியுமுன் அடுத்த பதிப்புக்கு மாறுவதும் இனி திட்டத்துக்கு உரியவரின் கடமை. அந்த மாற்றங்களை அச்சமின்றிச் செய்ய வைப்பவையும் முதல் நாள் அமைத்த அதே இரண்டு காவல்கள்தான். பதிப்பை உயர்த்தி, ஒரே கட்டளையை ஓட்டி, வகையும் சோதனையும் சொல்வதைக் கேட்டுத் திருத்தினால், சர்வர் ஆண்டுக்கணக்கில் நின்று பதில் சொல்லும். 14 நாளோடு 7 நாள் கேட்கும் வாசகருக்கு 21 என்ற விடை ஒவ்வொரு முறையும் கிடைக்கும்.